எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே பதில்

சாங்கியில் விமான நிலையம் திறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே சரக்குப் பகுதியில் இருந்த ஒரு நிறுவனத்தில் நான் ப்ரோக்ராம் எழுதும் வேலையில் சேர்ந்தேன். வீடு கிளமெண்டியில். தீவின் ஒரு கோடியில் பஸ் ஏறி மறு கோடியில் இறங்க வேண்டும். இரண்டு பஸ் மாறுவேன். முதல் பஸ்ஸில் தூக்கம், இரண்டாவதில் செய்தித்தாள் என்று வழக்கமாகிவிட்டிருந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் ஒரு வகுப்பறை அளவுக்கு இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த குளிர் அறை. உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். இடது பக்கம் வரிசையாக நான்கு டேப் இயந்திரங்கள், சுவரோரம் டேப் சுருள்களை அடுக்கிய அலமாரி. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று இருக்கும். அதைக் கன்சோல் என்போம். கம்ப்யூட்டர் எதையாவது சொல்ல விரும்பினால் அதில்தான் அச்சடிக்கும். மேசையில் இருப்பவர் தட்டுகிற பதிலும் அதே தாளில் அடுத்த வரியாகப் பதியும்.

அந்த மேசையில் பகல் வேலை பார்த்த ஆப்பரேட்டரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் வயதுதான் அவருக்கும். புக்கிட் மேராவில் கணவரோடும் சின்ன மகளோடும் குடியிருந்தார். பள்ளி முடித்ததும் கம்ப்யூட்டருக்கு விவரம் கொடுக்கும் அட்டைகளில் துளையிடும் வேலைக்கு வந்தவர், அங்கிருந்து படிப்படியாக இந்த மேசைக்கு வந்திருந்தார். கத்தோலிக்கர். மெதுவாகப் பேசுவார், ஆனால் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கமாட்டார். எங்களைப் போன்ற ப்ரோக்ராமர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு மிதப்பு உண்டு. யோசிப்பது நாங்கள், பொத்தானை அமுக்குவது அவர்கள் என்று. நானும் அப்படித்தான் இருந்தேன்.

வாரத்தில் ஒரு பெரிய வேலை ஓடும். அந்த வாரம் வந்த சரக்கு, போன சரக்கு, கிடங்கில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி டேப்பில் எழுத வேண்டும். மற்ற நாட்களில் இயந்திரத்துக்கு ஓய்வில்லை. அதனால் அதை ஞாயிறு காலையில் ஓட்டுவோம். எழுதியது நான். ஓட்டுவது அவர். ஓட்டுவது என்றால் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். டேப்பில் ஒவ்வொரு கோப்பின் மேலும் எழுதப் போகும்போது கம்ப்யூட்டர் நின்று ஓர் எச்சரிக்கை அச்சடிக்கும். 'இந்த டேப்பில் பாதுகாக்கப்பட்ட கோப்பு உள்ளது. அதன் காலம் முடியவில்லை. மேலே எழுதலாமா?' அவர் ஆம் என்பதற்கான எழுத்தைத் தட்டினால்தான் நகரும். சில கோப்புகளைத் திறக்கும் முன் பாஸ்வேர்ட் கேட்கும். அவருக்கென்று கொடுத்த, அந்தக் கோப்புகளை மட்டும் திறக்கும் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். இப்படி ஒரு காலைக்குள் நாற்பது ஐம்பது தடவை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: "தமிழ்ப் பூசை ஞாயிறு காலையில மட்டும்தான் இருக்கு. நான் கோவிலுக்குப் போயி நாலு மாசமாச்சு. மக கேக்குறா, அம்மாவுக்கு மட்டும் ஏன் லீவு இல்லைன்னு."

குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது. நான் எழுதிய வேலைக்காக ஒருவர் ஞாயிறு காலை முழுக்க ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே, இதை என்னால் சரிசெய்ய முடியும் என்ற எண்ணமும் வந்தது. இதில் எது இரக்கம், எது என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கிருந்த ஆசை என்று இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை.

ஒரு வாரத்தில் சின்ன ப்ரோக்ராம் ஒன்று எழுதினேன். கன்சோலில் கேள்வி வந்தால் அதுவே ஆம் என்று பதில் போட்டுவிடும். பாஸ்வேர்ட் கேட்டால் என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். சனிக்கிழமை மாலை வேலைக்கு வரும் இன்னோர் ஆப்பரேட்டர் நான்கு டேப்புகளை மாட்டிவிட்டுப் போனால் போதும். ஞாயிறு காலை குறித்த நேரத்தில் வேலை தானாகத் தொடங்கித் தானாக முடியும். பெருமையோடு அவரிடம் காட்டினேன்.

தாளைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்துக்கும் யெஸ்ஸா?"

"ஆமா. நீங்களும் அதைத்தானே அடிக்கிறீங்க?"

"அடிக்கிறேன். படிச்சுட்டு அடிக்கிறேன்."

"சரி, படிச்சுப் பாத்து ஒரு தடவையாச்சும் நோ அடிச்சிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். "ரெண்டு தடவை."

நான் சிரித்துவிட்டேன். "இத்தனை வருஷத்துல ரெண்டே தடவையா!"

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்த ரெண்டு தடவைக்காகத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

மேனேஜருக்கு என் யோசனை மிகவும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் தேவையில்லை என்பதே அவருக்குப் பெரிய செய்தி. உடனே சரி என்றார். ஆப்பரேட்டரும் அதற்குமேல் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "டேப் அலமாரி என் பொறுப்பு. அதுல நான் ஒரு வேலை செஞ்சுக்கிறேன். பரவாயில்லையா?" தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அவர் ஞாயிறு காலை பூசைக்குப் போய்வந்தார். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகக் கன்சோலின் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தெடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். கையில் கலர் பென்சில்கள் இருக்கும். ஒருமுறை நான், "அதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன படிக்கிறீங்க?" என்றேன். "சும்மா லா, என்ன கேட்டிருக்குன்னு பாக்குறேன்" என்றார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, நான் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றில் தோசைக்குக் காத்திருந்தேன். இடுப்பில் பேஜர் கத்தியது. அலுவலக எண். கடை முன்னால் இருந்த பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு அழைத்தேன். எடுத்தவர் எங்கள் காவலாளி. வயதான மலாய்க்காரர். அறைக்குள் அவர் போகமாட்டார், கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்.

"எஞ்சிக், பேப்பர் பன்யாக் லா!" என்றார். ஐயா, நிறையத் தாள் வருகிறது என்று அர்த்தம். "மேசையில இல்லை, தரையில. இப்போ கதவு வரைக்கும் வந்துருச்சு. நிக்கவே மாட்டேங்குது."

தோசையை விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் கன்சோல் பழுதாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். என் ப்ரோக்ராமைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை.

அறைக் கதவைத் திறந்தபோது காலடியில் தாள் சுருண்டு கிடந்தது. மடிப்பு மடிப்பாகக் குவிந்து, மேசைக் காலைச் சுற்றி, டேப் இயந்திரங்கள் வரை போயிருந்தது. கன்சோல் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை. ஆம். எச்சரிக்கை. ஆம். எச்சரிக்கை. ஆம். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. என் ப்ரோக்ராம் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்சம்கூட அலுக்காமல், ஒரே பதில்.

வேலையை நிறுத்தினேன். அறை அமைதியானது. பிறகுதான் என்ன கேட்டது என்று படித்தேன். மூன்றாம் இயந்திரத்தில் இருக்கும் டேப்பில் எழுத முடியவில்லை, அதில் எழுதும் வளையம் இல்லை, மறுபடி முயலவா என்பதுதான் அந்த எச்சரிக்கை. டேப் சுருளின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்துவோம். அது இருந்தால்தான் இயந்திரம் அதில் எழுதும். கழற்றிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. யார் எந்தக் கட்டளை போட்டாலும் முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. வளையம் போட மறந்த ஆளால் என் ஞாயிறு போயிற்றே என்று. டேப்பைக் கழற்றித் திருப்பி ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். அது அந்த வாரம் எழுத வேண்டிய டேப்பே இல்லை. கிடங்கின் மூலப் பதிவு. கிடங்கின் குளிர்ப் பகுதியில் இருக்கும் மருந்துப் பெட்டிகள், தனியாக வைத்திருக்கும் ரசாயனப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் எந்தத் தட்டில் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. சனிக்கிழமை மாட்டியவர் ஒன்றையும் ஏழையும் மாற்றிப் படித்திருக்கிறார். கையெழுத்து அப்படி. தவறு யாருக்கும் வரும்.

தாளின் தொடக்கத்தைத் தேடிப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. 'இந்த டேப்பில் பாதுகாக்கப்பட்ட கோப்பு உள்ளது. மேலே எழுதலாமா?' என்று கம்ப்யூட்டர் தெளிவாகக் கேட்டிருந்தது. டேப்பின் எண்ணையும் சொல்லியிருந்தது. அடுத்த வரியில் ஆம். என் ஆம். அதை அழிக்கச் சம்மதித்தது நான்தான். வளையம் இல்லாதது ஒன்றுதான் அதைத் தடுத்திருந்தது.

அலமாரிக்குப் போய் மற்ற மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் வளையம் இல்லை. அவற்றின் வளையங்களெல்லாம் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

பகல் ஆப்பரேட்டரின் வீட்டுக்கு அழைத்தேன். கணவர்தான் எடுத்தார். கோவிலிலிருந்து வந்ததும் சொல்கிறேன் என்றார். பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவர் வந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை, அதன்மேல் அலுவலக ஸ்வெட்டர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தரையில் கிடந்த தாளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தாளின் தொடக்கத்தை மடியில் வைத்துப் படிக்கத் தொடங்கினார்.

"இதுக்கு முன்னால ரெண்டு டேப்புல எழுதிருக்கு. அது ரெண்டும் சரியான டேப்புதான்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அதைத் திரும்ப ஓட்ட வேணாம். மூணாவதுலேருந்து போதும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பயத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டியிருப்பேன். அவர் சரியான டேப்பை எடுத்து, எண்ணை வாய்விட்டுப் படித்து, என்னையும் படிக்கச் சொல்லி, வளையம் போட்டு மாட்டினார். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் தட்டினார். மூன்று மணிக்கு வேலை முடிந்தது.

ஊழியர் கேன்டீனில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். "வளையத்தையெல்லாம் எடுத்துட்டீங்கன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை நோ அடிச்சிருக்கேன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க." குத்தலாக இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "உங்க ப்ரோக்ராம் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா அதுக்கு நோன்னு சொல்லத் தெரியாது. அப்போ வேற ஏதாச்சும் ஒண்ணு நோ சொல்லணும்ல?"

நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது. அதே சமயம், இத்தனை நாள் இவரை யாரென்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னேன். டேப்பை மாற்றி மாட்டியவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். தாளில் இருந்த ஆம் என் ஆம் என்பதால் மனம் வரவில்லை. மேனேஜர் முகம் இறுகிவிட்டது. "அந்த ப்ரோக்ராமை எடுத்துவிடுங்கள். பழையபடி ஞாயிறு ஆள் வரட்டும்" என்றார். அப்படித்தான் முடியும் என்று நானும் எதிர்பார்த்தேன். தலையாட்டினேன்.

"வேண்டாம் சார்" என்றார், கதவருகே வந்து நின்ற ஆப்பரேட்டர்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கையில் ஒரு கட்டுத் தாள். அத்தனை மாதத் திங்கட்கிழமைகளிலும் அவர் கிழித்தெடுத்தவை. மேசையில் விரித்தார். ஒவ்வொரு எச்சரிக்கையும் சிவப்பு, நீலம், பச்சை என்று கோடிடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில், நிதானமாக, விளக்கத் தொடங்கினார். சிவப்புக் கோடுதான் அதிகம்.

"இவை வரவே கூடாத கேள்விகள். ஏழு நாள் பாதுகாக்க வேண்டும் என்று நாமே டேப்பில் எழுதுகிறோம். ஏழாம் நாள் முடிவதற்குள், காலையிலேயே அதன்மேல் எழுத வருகிறோம். கம்ப்யூட்டர் தடுக்கிறது. அது சொல்வதுதான் சரி. ஆறு நாள் என்று மாற்றினால் இந்தக் கேள்வியே வராது. இத்தனை தடவை பொய்யாக எச்சரித்தால் உண்மையான எச்சரிக்கையை யார் படிப்பார்கள்?"

ஏழு என்று எழுதியவன் நான். வாராவாரம் அது ஏன் கேட்கிறது என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அதன் வாயை அடைக்கத்தான் வழி தேடினேன்.

நீலக் கோடுகள் பாஸ்வேர்ட் கேட்ட இடங்கள். அங்கெல்லாம் பதிலின் மேல் கறுப்பு மை பூசியிருந்தது. மேனேஜர் அது என்ன என்று கேட்டார். ஆப்பரேட்டர் தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ப்ரோக்ராம் கொடுக்கிற பாஸ்வேர்ட் தாளில் அச்சாகிவிடுகிறது சார். இந்த அறைக்கு வருகிற யாரும் படிக்கலாம். அதனால் திங்கட்கிழமை காலை முதலில் அதை மையால் மறைத்துவிடுவேன்."

என் பாஸ்வேர்ட். எதையும் திறக்கும், எதையும் அழிக்கும் பாஸ்வேர்ட். அத்தனை வாரமும் அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். ஒருவரிடமும் சொல்லாமல் மை பூசி மறைத்திருந்தார். என்னிடம் மட்டும் இரண்டு முறை, "பாஸ்வேர்ட மாத்திடுங்க, அப்பப்ப மாத்துறது நல்லது" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் மாற்றவில்லை.

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. அந்த வேலை என் பெயரில் ஓடக் கூடாது. அதற்கென்று தனிப் பெயர் கொடுத்து, அதற்குத் தேவையான கோப்புகளை மட்டும் திறக்க அனுமதி தந்தால் பாஸ்வேர்ட் கேட்கவே கேட்காது, தப்பித் தவறி வேறெதையும் தொடவும் முடியாது. மிச்சம் இருந்த பச்சைக் கோடுகள் கொஞ்சம்தான். அவற்றுக்கு மட்டும் ப்ரோக்ராம் பதில் சொல்லலாம். அதுவும் வேலையின் பெயர், கேள்வியின் வாசகம், டேப்பின் எண் மூன்றும் நாங்கள் எழுதிக்கொடுத்த பட்டியலில் அப்படியே இருந்தால்தான். ஒன்று மாறினாலும் பதில் சொல்லாமல் நின்று, தொலைபேசி இணைப்பு வழியாக எங்கள் பேஜரை அடிக்க வேண்டும்.

"நின்றுவிட்டால் வேலை தாமதமாகுமே?" என்றார் மேனேஜர்.

"தாமதம் பரவாயில்லை சார். திங்கட்கிழமை வந்து ஓட்டலாம். அழிந்துபோனதைத் திங்கட்கிழமை வந்து என்ன செய்வது?"

மேனேஜர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

"இந்தத் தாளில்தான் சார்" என்றார் அவர், புரியாதவர் போல.

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் இருவரும் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து வேலை செய்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் எழுதியதை அவர் படித்து, எங்கே அது தவறாக ஆம் சொல்லக்கூடும் என்று தேடினார். தேடுவதில் அவருக்கு ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம் இருந்தது. "இதோ மாட்டிக்கிச்சு!" என்பார். வேண்டுமென்றே தவறான டேப்பை மாட்டிப் பார்த்தோம். வளையம் இல்லாமல் ஓட்டினோம். ஒட்டுச்சீட்டே இல்லாத புது டேப்பைக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அது நின்று பேஜரை அடித்ததைப் பார்த்துக் கைதட்டினார். அவ்வளவு கவனமாகப் படிக்கிற ஒருவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

புது ஏற்பாட்டில் கேள்விகள் ஐந்தாறுக்குச் சுருங்கிவிட்டன. முதல் சில மாதம் ஒரு ஞாயிறுகூட நிற்கவில்லை. பிறகு ஒருநாள் நின்றது. சனிக்கிழமை மாட்டிய டேப்பின் எண் பட்டியலில் இல்லை. அந்த வாரம் பேஜர் என்னிடம். பதறிப்போய் அவர் வீட்டுக்கு அழைத்தேன், உடனே சாங்கிக்குக் கிளம்பவா என்று.

"என்ன கேக்குது?"

நான் போனில் கேட்டபோது காவலாளி கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னதைச் சொன்னேன். வாசகம் தெரியவில்லை, ஒரே ஒரு வரி அச்சாகி நின்றிருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"அப்ப நிக்கட்டும் லா. ஒண்ணும் ஆகாது, நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க போயி சாப்பிடுங்க" என்றார். பின்னால் அவர் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

அதன் பிறகு மேனேஜர் அவரை மாலை நேர வகுப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம், வேலை முடிந்து நேராக வகுப்பு. முடித்துவிட்டு ப்ரோக்ராமராக எங்கள் பக்கம் வந்தார். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பிரிவுக்கே தலைவரானார். அதற்குள் நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். அவருக்குக் கீழ் வேலை செய்ய மாற்றல் கேட்டேன். நண்பர் ஒருவர், "உனக்கு மேல போயிட்டாங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

மாற்றலாகி வந்த முதல் வாரம் நான் போட்டுக் கொடுத்த திட்டம் ஒன்றை அவர் திருப்பி அனுப்பினார். இரண்டாம் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்றால் என்ன நடக்கும்?' நான் அதை யோசித்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசிக்க உட்கார்ந்தேன்.